டாக்டர் நாயுடம்மாவும் நம்ம ஊர்த் தோலும்



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன சந்திப்பின்போது வேதியியல் படிக்கும் ஒரு மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஆராய்ச்சிக்கூடம், ஆராய்ச்சிக்கூடம் என்கிறார்களே, அதனால் நம்ம மாதிரி ஊருக்கு என்ன பிரயோஜனம் என்று. அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஒரு மனிதரின் வாழ்க்கைதான் அதற்குப் பதில் என்று தோன்றியது. அந்த மனிதர் டாக்டர் யலவர்த்தி நாயுடம்மா. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் செய்த வேலை எங்கள் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்தது. நல்லதாகவும் வந்தது, கெட்டதாகவும் வந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

தோல் ஷாப்பு வாசனை

1970களில் இங்கே படித்தவர்களுக்குப் பேகம்பூர்ப் பக்கம் பஸ் திரும்பும்போது வரும் வாடை மறந்திருக்காது. வெளியூர்ப் பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது அப்பா வேட்டியின் வாசனை. எங்கப்பா ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

ஆட்டுத்தோல் உப்புப் போட்டு வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிரையும் சதையையும் வழித்து எடுப்பார்கள். அப்புறம் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய். பச்சைத்தோல் உள்ளே போய்ப் பதமான தோலாக வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். இப்படிப் பதப்படுத்தியதற்கு வியாபாரத்தில் ஈ.ஐ. தோல் என்று பெயர். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். கம்பெனி காலத்து ஏற்றுமதியோடு ஒட்டிக்கொண்ட பெயர் அது. திண்டுக்கல்லும் திருச்சியும் அதற்குப் பேர்போன ஊர்கள். பின்னாளில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பத்தவர்கள். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் கையும் காலும் சுண்ணாம்பில் வெந்து கிடக்கும். அந்த வேலைக்கு ஊரில் மரியாதை கிடையாது. கணக்கு எழுதின எங்கப்பாவுக்கே கல்யாண வீட்டில் இலை போடத் தயங்கியவர்கள் உண்டு.

விவசாயி வீட்டுப் பிள்ளை

இந்தத் தொழிலைத்தான் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை விரும்பி எடுத்துக்கொண்டார். நாயுடம்மா 1922 செப்டம்பர் 10ஆம் தேதி அன்றைய குண்டூர் மாவட்டத்தில் தெனாலிக்குப் பக்கத்திலுள்ள யலவர்ரு கிராமத்தில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பம் படித்தார். அந்தப் படிப்புக்குச் சோப்பு, சாயம், சர்க்கரை என்று எத்தனையோ கௌரவமான தொழில்கள் காத்திருந்தன. அவர் சென்னைக்கு வந்து தோல் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து மேல்பயிற்சிக்கு இங்கிலாந்து போனார். அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் திரும்பி வந்த காலம் நாடு ஆய்வுக்கூடங்களைக் கட்டிக்கொண்டிருந்த காலம். காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் மின்வேதியியல் ஆய்வு நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதே 1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., தொடங்கியது. அழகப்பர் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கினார்கள். பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், தொழில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மாணவன் காலையில் வகுப்பில் படித்ததை மத்தியானம் பக்கத்துக் கட்டிடத்தில் செய்து பார்க்கலாம்.

பேராசிரியர் பி.எம். தாஸ் அந்த நிலையத்தின் முதல் இயக்குநர். நாயுடம்மா 1951இல் அங்கே வந்து சேர்ந்து, 1958இல் இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. 1971 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கதவைத் திறந்து வைத்தவர்

வெறும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி அலமாரியில் அடுக்கியிருந்தால் அவரைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. தோல் ஷாப்பு முதலாளிக்கு விஞ்ஞானி என்றாலே சந்தேகம். பரம்பரையாகச் செய்கிற வேலைக்குக் கண்ணாடி போட்டவன் வந்து என்ன சொல்லித் தரப் போகிறான் என்ற எண்ணம். மேஸ்திரி தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தே பதம் சொல்லிவிடுவார். நாயுடம்மா அந்த மேஸ்திரியை மட்டமாக நினைக்கவில்லை என்பதுதான் முக்கியம்.

அவர் காலத்தில் சி.எல்.ஆர்.ஐ. வளாகத்துக்குள் நிஜமான சிறிய தோல் ஷாப்பு ஒன்று ஓடியது. புதிய முறை ஒன்று சோதனைக் குழாயில் சரியாக வந்தால் போதாது, அங்கே தொட்டியிலும் டிரம்மிலும் சரியாக வர வேண்டும். தொழில் செய்கிறவர்கள் வந்து கண்ணால் பார்க்கலாம். வருஷா வருஷம் முதலாளிகளும் விஞ்ஞானிகளும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்றும் நடந்தது. அது லெரிக் என்ற பெயரில் இன்றைக்கும் ஜனவரிக் கடைசியில் நடந்துகொண்டிருக்கிறது. கான்பூர், ஜலந்தர், கல்கத்தா என்று தோல் தொழில் இருக்கும் இடங்களுக்குக் கிளைகள் போயின. தொழிலாளிக்கும் மேஸ்திரிக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் நடந்தன. செத்த மாட்டின் தோலைச் சேதமில்லாமல் உரிப்பது எப்படி என்பதில் தொடங்கி கிராமத்துக்குப் பாடம் போனது. கத்தி பட்டு ஓட்டை விழுந்த தோலுக்கு விலை பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதி விலை ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சோறு.

பட்டை விஷயம் நம்ம மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆவாரம்பட்டை போதாமல் வாட்டில் என்கிற சீகை மரப்பட்டையை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள். அதை மிச்சப்படுத்த உள்நாட்டிலேயே பட்டையும் மாற்றுப் பொருள்களும் தேடினார்கள். கொடைக்கானல் போகிறவர்கள் பழனி மலையில் பார்க்கும் அந்த மரங்கள் பெரும்பாலும் தோல் தொழிலுக்காக நட்டவைதான். இன்று அவை சோலைப் புல்வெளியை மூடிக்கொண்டு நிற்பதால் அகற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரு தேவைக்கு நல்லதாக இருந்தது வேறொன்றுக்குக் கெடுதலாவதற்கு இது முதல் உதாரணம். அடுத்ததைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

டிரம் வந்தது

குரோம் உப்பால் பதப்படுத்தும் முறை அமெரிக்காவில் 1880களிலேயே வந்துவிட்டது. நம்ம சென்னையில் குரோம்பேட்டை என்ற பேரே நூறு வருஷத்துக்கு முன் அங்கே இருந்த குரோம் தோல் கம்பெனியால் வந்ததுதான். ஆனால் சாதாரணத் தோல் ஷாப்புக்காரர் அதைத் தைரியமாகத் தொட ரொம்ப காலம் பிடித்தது. அளவு தப்பினால் சரக்கு போச்சு. அந்த அளவை, நம்ம ஊர் ஆட்டுத்தோலுக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும் ஏற்றபடி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் சி.எல்.ஆர்.ஐ.

1972இல் மத்திய அரசு அமைத்த சீதாராமய்யா குழு, பச்சைத்தோலையும் பாதி பதப்படுத்திய தோலையும் அப்படியே கப்பல் ஏற்றுவதைக் குறைத்து, முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் பையாகவும் அனுப்ப வேண்டும் என்று சொன்னது. 1973லிருந்து கொள்கை அந்தத் திசையில் திரும்பியது. ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். பருத்தியை விற்பதற்கும் சேலையை விற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். நடுவில் இருக்கும் கூலி, லாபம், வேலை எல்லாம் நம்ம ஊரிலேயே தங்கும். ஆனால் கொள்கை போட்டால் மட்டும் தோல் முடியாது. முடிப்பதற்குச் சாயம், பூச்சு, இயந்திரம், படித்த ஆள் வேண்டும். இருபது வருஷமாக சி.எல்.ஆர்.ஐ. சேர்த்து வைத்திருந்த அறிவும், பக்கத்துக் கல்லூரியில் படித்து வெளியே போன மாணவர்களும் அப்போது கைகொடுத்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எல்லாம் ஏற்றுமதி ஊர்களாக எழுந்தன. ஆம்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் செருப்புத் தைக்கும் வேலைக்குப் போனார்கள்.

அந்தச் சமயம் நாயுடம்மா டில்லியில் இருந்தார். 1971இலிருந்து 1977 வரை நாட்டின் எல்லா சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடங்களுக்கும் தலைமை இயக்குநர். 1971இல் பத்மஸ்ரீ. அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. பின்தங்கிய கரீம்நகர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பல ஆய்வுக்கூடங்களின் அறிவை ஒரே மாவட்டத்தில் கொண்டுபோய் இறக்கிப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கி வைத்தார். ஊருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் விஞ்ஞானத்தைத் தேடுவது அதன் வழி. டில்லிப் பதவி முடிந்ததும் மறுபடியும் அடையாறுக்கே திரும்பி வந்தார். 1981-82இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

திண்டுக்கல் பங்கு

திண்டுக்கல்லுக்கும் டிரம் வந்தது. எங்கப்பா வேலை பார்த்த இடத்துக்கும் வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்து, தோல் நீல நிறத்தில் ஈரமாக வெளியே வந்ததைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு அப்பாவுக்குக் கூடுதல் போனஸ் கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் என் கல்லூரி முதலாண்டுக் கட்டணம் கட்டினோம். ஆக, நான் வேதியியல் படித்ததே ஒருவிதத்தில் குரோம் உப்பின் தயவு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆம்பூர் அளவுக்கு நாம் எழவில்லை. செருப்பும் பையும் இங்கே பெரிதாக வரவில்லை. நம்ம ஊர் பெருமளவு பாதி வேலையிலேயே நின்றது. இங்கே பதப்படுத்துவது, வேறு ஊரில் முடிப்பது. அதே ஆய்வுக்கூடம்தான், அதே கதவுதான். சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம் என்பது கோடம்பாக்கம் போகிறவனுக்குத் தூரமாகத் தெரியவில்லை, அடையாறு போக வேண்டியவனுக்குத்தான் தூரமாகத் தெரிந்தது. முதலாளியின் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். தொட்டியில் இறங்கியவரின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் படித்த நாம்தான். நாம் சொல்லவில்லை.

கிணறு உப்பானது

இப்போது இரண்டாவது உதாரணம். என் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊர் டவுனுக்கு மேற்கே. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில்தான் சோறு பொங்கும், பருப்பு வேகும். 1980களில் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. தென்னை ஓலை நுனியிலிருந்து கருகி வந்தது. கடைசியில் மாடு வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அப்போது நான் பள்ளி ஆசிரியர். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து பள்ளிக்கூட ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட்டை வைத்துக் குளோரைடு பார்த்தேன். பியூரெட் ஒருமுறை காலியாகி, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டு முடித்ததும் ஒருத்தரும் பேசவில்லை. என் படிப்புக்குப் பணம் கொடுத்த தொழில்தான் என் சித்தியின் கிணற்றைக் கெடுத்திருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு எண்ணாகவே தெரிந்துவிட்டது.

வேலை இப்படித்தான் நடக்கிறது. தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பில் பெரும்பகுதி ஊறவைக்கும்போதே தண்ணீரில் கரைந்து வெளியே போகிறது. குரோமில் ஒரு பகுதி தோலில் ஒட்டாமல் கழிவில் தங்குகிறது. குரோமைச் சுண்ணாம்பு போட்டு வண்டலாக இறக்கிவிடலாம். உப்பை அப்படி இறக்க முடியாது. அது ஓடையில் போய், மண்ணில் இறங்கி, கிணற்றுக்கு வந்து சேர்ந்துவிடும். நம்ம குடகனாறு மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. கழிவைக் கழுவித் தள்ள அதனிடம் தண்ணீர் இல்லை. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிலையத்தார் குடகனாற்று மேல்படுகையை ஆராய்ந்தபோது, திண்டுக்கல்லைச் சுற்றி எண்பது அளவுக்குத் தோல் ஷாப்புகள் இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள்.

வேலூர் மக்கள் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் நம்ம ஊரும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியப் பகுதியில் 13 கிராமங்களில் தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்த கணக்கின்படி 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று அந்த வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்டது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட உத்தரவாயிற்று. கெடுத்தவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டமாக ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராமலும், சொந்தமாகச் சுத்திகரிப்பு வைக்காமலும் இனி ஓட முடியாது என்று ஆனது. சில ஷாப்புகள் மூடின. மூடிய இடத்தில் கூலி வாங்கியவர்களுக்கு வேறு வேலையை யாரும் தயாராக வைத்திருக்கவில்லை.

அவர் இல்லாத காலம்

இதையெல்லாம் பார்க்க நாயுடம்மா இல்லை. 1985 ஜூன் 23இல் கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் குண்டுவெடித்துச் சிதறியது. அதில் இறந்த 329 பேரில் அவரும் ஒருவர். அதே வருஷம் செப்டம்பரில்தான் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது.

கிணறு கெட்டதற்கு அவரைக் குற்றம் சொல்வதா? நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். சொல்ல மாட்டேன். ஆனால் முழுக்க விட்டுவிடவும் மாட்டேன். அவர் கட்டிய பாதை ஆய்வுக்கூடத்திலிருந்து தோல் ஷாப்புக்கு வந்தது, அங்கே நின்றுவிட்டது. தோல் ஷாப்புக்குப் பின்பக்கம் ஓடை இருந்தது, ஓடைக்கு அந்தப்பக்கம் கிணறு இருந்தது. ஏற்றுமதியான தோலுக்கு டன் கணக்கு இருந்தது, அன்னியச் செலாவணிக்கு ரூபாய்க் கணக்கு இருந்தது. சித்தியின் கிணற்றுக்கு மட்டும் எந்த நோட்டிலும் கணக்கு இல்லை. கரீம்நகரில் ஊரைக் கேட்டுவிட்டுத் தொடங்கிய அதே முறையை நம்ம ஊர்களிலும் செய்திருந்தால், முதல் கிணறு உப்பானபோதே தகவல் அடையாறுக்குப் போயிருக்கும்.

சந்தோஷமான செய்தியும் உண்டு. அதே சி.எல்.ஆர்.ஐ. பின்னாளில் உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாக்கவும், சுண்ணாம்புக்குப் பதில் நொதியால் மயிர் நீக்கவும், தண்ணீர் சேர்க்காமல் குரோம் ஏற்றவும் வழி கண்டுபிடித்தது. சுத்திகரித்த நீரை மறுபடி பயன்படுத்தவும் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தது. நோய் தந்த கையே மருந்தும் தருகிறது. மருந்து ஊர் வந்து சேர எவ்வளவு நாளாகும் என்பதுதான் கேள்வி.

மாணவர்களுக்கும் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்

ஆகவே அந்த மாணவிக்கு என் பதில் இதுதான். ஆய்வுக்கூடம் ஒரு ஊரை நிச்சயம் வளர்க்கும். வேலை கொடுக்கும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும். ஆனால் அறிவு அங்கிருந்து இங்கே வருவது போலவே, இங்கிருக்கும் தண்ணீரின் கதையும் மண்ணின் கதையும் அங்கே போய்ச் சேர வேண்டும். கொண்டுபோகிற ஆள் இந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால்தான் அது நடக்கும்.

நம்ம சங்கம் ஒரு சின்னக் காரியம் செய்யலாம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் தண்ணீர் பார்க்க ஒரு மேசை ஒதுக்குவோம். மருந்துச் செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்போம். முதல் வருஷச் செலவில் என் பங்கை இப்போதே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். பொங்கல் லீவுக்கும் கோடை லீவுக்கும் ஊருக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் வரும்போது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் போர்த் தண்ணீர், ஒரு பாட்டில் கொண்டுவரட்டும். உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்போம். பத்து வருஷம் விடாமல் எழுதினால் அதுவே ஒரு ஆராய்ச்சி. அந்த நோட்டோடு அடையாறுக்கோ காரைக்குடிக்கோ போனால் யாரும் நம்மை வாசலில் நிறுத்த மாட்டார்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது நான் என் சித்தி ஊர்க் கிணற்றிலிருந்து முதல் பாட்டிலைக் கொண்டுவருகிறேன். சித்தி இப்போது இல்லை. கிணறு இருக்கிறது.



— முன்னாள் வேதியியல் மாணவன், ஓய்வுபெற்ற மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்